திருப்பி வாங்கிய பொன்னாடை

ராசா,

டோர்ட்மண்டில் ஒரு நாடக அரங்கில் உனக்கு ஒலிப் பொறுப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது, நிரந்தர வேலை, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், டக்காரை விட்டு வந்துவிடலாம் என்று யோசிக்கிறாய் என்று நேற்றுப் போனில் சொன்னாய். நான் துள்ளிக் குதிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாய். "சரி ராசா, யோசிப்பம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வாய் ஓயாத அம்மா இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டாவே, உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று நீ பயந்தும் இருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. கதைத்தால் நீ இடையில் புகுந்து குழப்புவாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். அதோடு, இதை உனக்கு மட்டும் எழுதாமல் எங்கள் ஆட்களும் படிக்கும்படி பகிரங்கமாகவே எழுதுகிறேன். நீ இருக்கிற செனகலுக்கு வந்து நான் செய்த காரியத்தின் படம் இங்கே எல்லோருடைய போனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கதைதான் ஆளுக்கொரு விதமாக உலாவுகிறது. யாரோ ஒருவர், நான் டக்காரில் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். அதையும் சரிப்படுத்த வேண்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் அப்பா ஒலிபெருக்கி வைத்திருந்தார். கிழமை நாட்களில் தொழிற்சாலை, சனி ஞாயிறில் தமிழ் மண்டபங்கள். நான் கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை, சனி ஞாயிறில் அவருடைய மைக்கில் அறிவிப்பாளர். திருமணம், சாமத்தியச் சடங்கு, அரங்கேற்றம், ஆண்டு விழா, எதுவானாலும் "அந்த அக்காவைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். டோர்ட்மண்டில் மட்டுமல்ல, சுற்றுவட்டாரம் முழுவதும் என் குரலுக்கு மதிப்பு இருந்தது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நீ எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், வயர்களுக்குள் வளர்ந்தாய். பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒலி, ஒளி வேலைக்கே ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தாய். அப்பா போய் நான்கு வருடமாகிறது. அவருடைய பெட்டிகளில் நல்லதாகப் பார்த்து இரண்டை எடுத்துக்கொண்டு, ஆறு மாத வேலை என்று சொல்லி டக்காருக்குப் போனாய். ஆறு மாதம் இரண்டு வருடமாகிவிட்டது.

எங்கள் மேடை எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. முன்வரிசையில் இருப்பவருக்கு முதலில் வணக்கம். மண்டப வாடகை கொடுத்தவருக்கு மூன்று தரம் நன்றி. இரண்டு கடை வைத்திருப்பவர் தொழிலதிபர், மூன்று கடை வைத்திருப்பவர் கொடை வள்ளல். பிறகு பொன்னாடை. போர்த்துபவர், போர்த்தப்படுபவர், படமெடுப்பவர் எல்லோரும் ஒரு நொடி அசையாமல் நிற்பார்கள். உனக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒரு பிரதம விருந்தினர் பேசிப் பேசிப் பிள்ளைகளின் நடனத்துக்கு நேரமில்லாமல் செய்துவிட்டார். நீ மிக்சரில் இருந்தபடி அவருடைய சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாய். கடைசியில் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மண்டபம் முழுவதும் சிரித்தது. நான் மேடைக்குப் பின்னால் வந்து உன் காதைத் திருகினேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீ எந்தப் பக்கம் போகப் போகிறாய் என்று.

நீ டக்காருக்குப் போனபோது எங்கள் ஆட்கள் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத மாட்டேன். அந்த ஊர் மனிதர்களைச் சொல்ல எங்கள் வாயில் ஒரு சொல் இருக்கிறது, அதையும் எழுத மாட்டேன். என் வாயிலும் அது ஒரு காலம் இருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தது நீதான். ஆனால் எனக்கும் விளங்காத ஒன்று இருந்தது. ராப் பாட்டுக்காக ஒருவன் இவ்வளவு தூரம் போவானா? தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு, காரையும் சங்கிலியையும் பற்றிப் பாடுகிற பாட்டுத்தானே என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் தெரியும் என்று நீ டிக்கெட் அனுப்பினாய். நான் பெட்டியில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் ஒரு கட்டுப் பொன்னாடையும் வைத்துக்கொண்டு வந்தேன். உன் சிநேகிதர்களைச் சும்மா கையோடு பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

உன் ராப் சிநேகிதர்களோடு நீ இருந்து வேலை செய்கிற உங்கள் வீடு டக்காரின் புறநகரில், மணல் தெருவொன்றின் முடிவில். நான் மதில் முழுக்க எழுதியிருந்த நிறங்களைப் பார்த்தேன், உள்ளே நீ கட்டிய சின்ன ஒலிப்பதிவு அறையைப் பார்த்தேன், சுவருக்கு முட்டைப் பெட்டிகளை ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். அங்கே எல்லாவற்றையும் கொண்டு நடத்துகிறவள் பிந்தா, உன் வயதுப் பெண், அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த ராப் பாடகி. அவள் கிழமைக்கொரு தரம் செய்தி பாடுவாள். வானொலியில் வாசிக்கிற மாதிரிச் செய்திதான், ஆனால் வொலோஃப் மொழியில், தாளத்தோடு. எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, எந்தப் பள்ளிக்கூடம் திறக்கவில்லை, எந்த ஊரவருக்கு மின்சாரம் போய்விட்டது என்று பெயர் பெயராகச் சொல்வாள். பஸ்ஸில் அதைப் போட்டுக்கொண்டு போனார்கள். சந்தையில் வெங்காயம் விற்கிற பெண்கள் அதைச் சேர்ந்து சொன்னார்கள். பிரெஞ்சில் எழுதிய பேப்பரைப் படிக்க ஏலாதவர்கள் எல்லோரும் பிந்தாவின் செய்தியைத் தெரிந்து வைத்திருந்தார்கள். வாக்காளர் அட்டை எடுக்காத இளைஞர்களை வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு போனதும் உங்கள் ஆட்கள்தான். முன்பெல்லாம் தேர்தல் வந்தால் அரசியல்வாதி அரிசி மூட்டையோடும் படம் போட்ட பெனியனோடும் வருவாராம், ஊர் மைக்கும் அவருடையதாம். இப்போது அவர் வந்தால் முதலில் கேள்விதான் வருமாம்.

அங்கே எல்லோரும் அப்படியல்ல என்றும் நீ சொன்னாய். காரையும் சங்கிலியையும் பாடுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். நன்றாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் பதவி கிடைத்ததும் பாட்டை மறந்துவிட்டாராம். அதனால்தான் உங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு. அரசியல்வாதியிடம் ஒன்றும் வாங்குவதில்லை, மேடையில் அவர்களைப் புகழ்வதில்லை. ஒருவரிடம் மைக்கைக் கொடுத்தால், அவர் அதில் சொல்வதற்குக் கொடுத்தவரும் பொறுப்பு. பிந்தா பரம்பரையாகப் புகழ் பாடுகிற குடும்பத்துப் பிள்ளை. அவளுடைய அப்பா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பெரியவர்களின் வம்சத்தைச் சொல்லிப் பாடுகிறவர். "அப்பாவை மதிக்கிறன், ஆனா அந்த வேலையை நான் செய்யமாட்டன்" என்று அவள் சொன்னதை நீ எனக்கு மொழிபெயர்த்தாய். நான் தலையாட்டினேன். காதால் கேட்டேன், கைக்கு அது போய்ச் சேரவில்லை.

உங்கள் ஆண்டு விழா அன்று நானும் இரண்டு சொல் வரவேற்புச் சொல்கிறேன் என்று உன்னிடம் மைக் கேட்டேன். நீ யோசித்தாய். "இரண்டே இரண்டு வசனம், அம்மா" என்று சொல்லித் தந்தாய். தமிழில் வணக்கம் சொன்னேன், பிந்தாவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினேன், பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. வெள்ளை அங்கியில் உயர்ந்த ஒரு மனிதர், பின்னால் நாலைந்து பேர். முன்வரிசைக் கதிரை தானாகக் காலியானது. அவர் அதில் இருந்தார். முன்வரிசையில் ஒரு பெரியவர் வந்து இருந்தால் எங்கள் கைக்கு வேலை வந்துவிடும், ராசா. நான் இறங்கிப் போய் அவருக்கும் ஒன்றைப் போர்த்தி, கும்பிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லை மைக்கில் சொன்னேன். "மெர்சி. மெர்சி." அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆட்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். நீ மேடைக்கு அருகில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதை நான் களைப்பு என்று நினைத்தேன்.

அவர் அந்தப் பகுதியின் உதவி மேயர். அழைக்காமல் வந்தவர். மழைக்காலத்தில் வீடுகளுக்குள் நிற்கிற தண்ணீரை இறைக்க ஒரு பம்ப் வாங்கித் தருவதாகச் சொன்னவர். பம்ப் வந்தது. வந்து, அவருடைய சொந்த வீட்டு முற்றத்தில் நின்றது. அதைப் பற்றித்தான் பிந்தா இரண்டு மாதமாகச் செய்தி பாடிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை, நானும் அவரும் கைகோர்த்து நிற்கிற படம் ஊர் முழுக்கப் போனது. உதவி மேயரின் ஆட்கள் அதற்குக் கீழே, ராப் வீடு எங்களுக்கு நன்றி சொல்கிறது என்று எழுதியிருந்தார்கள். மதியத்துக்குள் உங்கள் வாசலில் இளைஞர்கள் கூடிவிட்டார்கள். எவ்வளவுக்கு விலை போனீர்கள் என்று கேட்டார்கள். எனக்கு மொழி விளங்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வியின் சத்தம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

நாங்கள் இரண்டு பேரும் உன் அறையில் இருந்து கதைத்ததை மறக்க மாட்டேன்.

"ஏனம்மா அந்தாளுக்குப் போட்டனீங்கள்?"

"முன்னாலை வந்து இருந்தவர். ஆரெண்டு எனக்கென்னடா தெரியும்?"

"தெரியாட்டி ஏன் போட்டனீங்கள்?"

"அங்கை டோர்ட்மண்டிலை தெரிஞ்சுகொண்டே போடுறம். அதைவிட இது பரவாயில்லை."

உனக்குக் கோபம் தாங்கவில்லை. ஆனாலும் அந்தப் பதிலுக்கு உன் உதடு ஒரு பக்கம் கோணியதை நான் கண்டேன். பிறகு பிந்தா வந்தாள். என்னோடு மரியாதையாகத்தான் கதைத்தாள், கோபமாக இல்லை, அதுதான் எனக்குச் சுட்டது. நான் விருந்தாளியாம், என்னிடம் கேட்க ஒன்றுமில்லையாம். மைக்கைக் கொடுத்தவன் நீ. ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி முடிவெடுக்கும்வரை நீ மிக்சரைத் தொடக் கூடாது, ஒலிப்பதிவு அறைக்குள் போகக் கூடாது. ஊருக்கு நம்பிக்கை திரும்பாவிட்டால் நீ அந்த வீட்டில் இருக்க ஏலாது. இடுப்பில் இருந்த ஒலிப்பதிவு அறைத் திறப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தாய். என் பிள்ளையின் முகம் அப்படிச் சுருங்கியதை அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு ஆத்திரம் வந்தது. "பிழை விட்டது நான். விருந்தாளி, கிருந்தாளி எண்டு என்னை ஓரமா இருத்தாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை நான் வந்து நிக்கிறன், என்னைக் கேக்கச் சொல்லுங்கோ" என்றேன். நீ மொழிபெயர்க்கத் தயங்கினாய். நான் உன் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன், பிறகுதான் சொன்னாய்.

உங்கள் வட்டத்தை நான் அதற்கு முன்னால் இரண்டு தரம் பார்த்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் மணலில் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள், ஒருவர் நடுவில் வந்து பாடுவார், அடுத்தவர் அதற்குப் பதில் பாடுவார். மேடை இல்லை, முன்வரிசை இல்லை. அன்றைக்குப் பாட்டு இல்லை, கேள்வி மட்டும். நான் காலில் செருப்பில்லாமல் மணலில் நின்றேன். பக்கத்தில் நீ. சொன்னதை மட்டும் மொழிபெயர்க்கலாம், சொந்தமாக ஒன்றும் சேர்க்கக் கூடாது என்று உனக்குக் கட்டளை. அந்தத் துணி என்ன என்று முதலில் கேட்டார்கள். நான் சொன்னேன்:

"நாங்கள் சண்டைக்குத் தப்பி ஜெர்மனிக்கு வந்த நேரம் 'டுல்டுங்' எண்டு ஒரு கடுதாசி தந்தவை. உன்னைச் சகிச்சுக்கொண்டிருக்கிறம் எண்டதுதான் அதின்ரை அர்த்தம். ஊரிலை வாத்தியாரா இருந்தவர் அங்கை கோப்பை கழுவினார். கிழமை முழுக்க ஆரோ சகிச்சுக்கொண்டிருக்கிற ஆக்களுக்கு, சனிக்கிழமையெண்டாலும் ஒரு மரியாதை வேண்டியிருந்தது. வேறை ஆரும் தரேல்லை, நாங்களே ஒருத்தருக்கொருத்தர் போர்த்திக்கொண்டம். அதுதான் பொன்னாடை. பேந்து காசு வந்தது. காசிருக்கிறவைக்குப் போர்த்தத் தொடங்கினம்."

நீ அதைச் சொல்லும்போது உன் குரல் ஒரு இடத்தில் தடக்கியது. வாத்தியார் கோப்பை கழுவின இடம். உனக்கு இதையெல்லாம் நான் வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை.

அப்போதுதான் கும்பா முன்னால் வந்தாள். மீன் விற்கிறவள், என் வயதுக்காரி, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் புகுகிற வீடு அவளுடையது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அந்த மனிதர் யார், என்ன செய்தவர் என்று உனக்கு முன்பே தெரிந்திருந்தால் போர்த்தியிருக்க மாட்டாயா? எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொன்னால் அலுவல் முடிந்தது. நீயும் அதைத்தான் எதிர்பார்த்தாய் என்று உன் கண்ணில் தெரிந்தது. ஆனால் மண்டபம் மண்டபமாக நான் நின்ற நிலை எனக்குத் தெரியாதா?

"போத்தியிருப்பன்" என்றேன். "வீட்டுக்கு வந்த ஆள் எண்டு போத்தியிருப்பன். எங்கடை ஊரிலை ஆரும் கேள்வி கேக்கிறேல்லை."

நீ என்னைப் பார்த்தாய். "இதை அப்படியே சொல்லவோ?" என்று கேட்டாய். சொல்லு என்றேன். சொன்னாய். பிறகு கும்பா சிரித்தாள், வயிறு குலுங்கச் சிரித்தாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு அவள் சொன்னதுதான் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. "அப்ப போய்த் திருப்பி வாங்கு."

பொன்னாடையைத் திருப்பி வாங்குவது என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கொடுத்ததைக் கேட்பது எங்களுக்கு உயிர் போகிற வேலை. மொய்யைத் திருப்பிக் கேட்டாலும் கேட்கலாம், மரியாதையைத் திருப்பிக் கேட்க ஏலுமா? ஆனால் அந்தப் பக்கம் நீ கையைக் கட்டிக்கொண்டு, திறப்பில்லாமல் நின்றாய். "சரி, போவம்" என்றேன்.

மறுநாள் காலை கும்பாவும் பிந்தாவும் இன்னும் சில பெண்களும் என்னோடு வந்தார்கள். உன்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தமிழ் தெரிந்த ஆள் இல்லாமல் நான் அந்த வீட்டுக்குள் போனேன். முற்றத்தில் நீலத் தறப்பாள் போட்டு மூடியபடி பம்ப் நின்றது. எனக்கு அது வசதியாகப் போய்விட்டது, கண்ணால் கண்ட பிறகு தயக்கம் போய்விட்டது. உதவி மேயர் சிரித்த முகத்தோடு வந்து, கதிரை போடச் சொல்லி, குளிர்பானம் கொண்டுவரச் சொன்னார். நான் இருக்கவில்லை. இரண்டு கையையும் அவருக்கு முன்னால் நீட்டினேன். கும்பா அவளுடைய மொழியில் நறுக்கென்று நாலு வார்த்தை சொன்னாள். அவர் சிரித்தார். கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்பது உங்கள் ஊர் வழக்கமா என்று கேட்டாராம், பிந்தா தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் சொன்னாள். நான் தமிழிலேயே சொன்னேன்: "எங்கடை ஊரிலை இதை ஒருத்தரும் செய்ததில்லை, ஐயா. நான்தான் முதல் ஆள். பிழையான ஆளுக்குப் போட்டிட்டன், தாங்கோ." அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் என் குரலில் சொன்னது விளங்கியிருக்கும், அது மண்டபத்துக் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல். அவர் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. உள்ளே இருந்து அவருடைய மனைவி அதை மடித்துக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். கை நீட்டி வாங்கினேன், ராசா. வெட்கத்தில் காது சூடாகியது, அதே நேரம் பெரிய நிம்மதியாகவும் இருந்தது. திரும்பி வரும் வழியில் கும்பா அதை என்னிடம் கேட்டு வாங்கி, தன் மீன் சட்டிக்கு இலையான் மொய்க்காமல் மேலே போட்டுக்கொண்டாள். ஒருத்தி போனில் எல்லாவற்றையும் படம் எடுத்திருந்தாள். பின்னேரம் ஊர் முழுக்க அந்தப் படம் ஓடியது, பிந்தா உன் திறப்பை உன்னிடம் தந்தாள்.

பம்ப் இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ஆட்கள் அந்த மதிலடியில் நின்று செய்தி பாடுகிறார்கள் என்றும், தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து நிற்கிறார்கள் என்றும் பிந்தா எனக்கு எழுதியிருந்தாள். உள்ளூர்த் தேர்தல் வருகிறது. இந்த நேரத்தில்தான் நீ வரப் போவதாகச் சொல்கிறாய். நான் கேட்காமலே காரணமும் சொன்னாய், முதலில் என் முழங்கால் என்றாய், பிறகு நிரந்தர வேலை என்றாய், கடைசியில் மெதுவாக உண்மையைச் சொன்னாய். "அங்கை நான் எப்பவும் வெளியாள்தானம்மா. ஒரு படம் வந்தவுடனை திறப்பை வாங்கிப்போட்டினம்."

வாங்கினார்கள். திருப்பியும் தந்தார்கள். அதை ஏன் விட்டுவிட்டாய்? நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் வெளியாள். கடவுச்சீட்டு மாறியது, தெருவில் பார்க்கிற பார்வை முழுவதும் மாறவில்லை. அதற்காக நான் வேலைக்குப் போகாமல் இருந்தேனா? வெளியாளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த வீட்டுக்குள் போய்ப் பொன்னாடையைக் கேட்க அந்த ஊரில் ஒருவராலும் முடிந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர், நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டியவர். என்னால் முடிந்தது, ஏனென்றால் நான் வெளியாள். நீயும் அதைத் தெரிந்துகொண்டு அங்கே இரு. ஆனால் ஒன்றைக் கவனி. உன்னிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது. பொலிஸ் வந்தால் உனக்கு விமானம் இருக்கிறது, பிந்தாவுக்கு இல்லை. அதனால் முன்னால் நின்று வீரம் காட்டாதே. அவர்களுடைய சொல் அவர்களுடைய மொழியில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி பார்த்துக்கொள், அது உன் தொழில். தேர்தலுக்கு முன்னால் நீ வெளிக்கிட்டால் அந்தப் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து அவர்கள் முகத்தில் காட்டுகிற மாதிரித்தான். அதைச் செய்யாதே.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது உனக்குச் சொல்லுவார்கள். போன சனிக்கிழமை இங்கே ஆண்டு விழா. வழமைபோல நான்தான் அறிவிப்பு. இந்த நகரின் வடக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்கள் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் பாதி ஜெர்மனிலும் பாதி தமிழிலும் ராப் பாடுகிறார்கள், பல நாளாக மேடை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நேரமில்லை என்று சங்கத் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொடை வள்ளலின் உரைக்கு வைத்த நேரத்தை எடுத்து அவர்களுக்குக் கொடுத்தேன். கல்யாணம் பேசும்போது "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குள்ளே நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று அந்தப் பிள்ளைகள் அப்படியே மைக்கில் போட்டு உடைத்தார்கள். பாட்டு எனக்குப் பாதி பிடிக்கவில்லை, சத்தம் அதிகம், மூச்சு விட இடமில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நானும் எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருந்தது, நின்றேன். முன்வரிசையில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் முன்னால் வந்து இருந்துகொண்டார்கள். முடிந்ததும் தலைவர் வந்தார்.

"அக்கா, இனி வேறை ஆளைப் பாப்பம்."

"பாருங்கோ அண்ணை. நல்லாப் பாருங்கோ" என்றேன்.

கவலை இல்லையா என்றால், இருக்கிறது. சனிக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் நேற்று வந்து அப்பாவின் மிச்சப் பெட்டிகளைக் கேட்டார்கள். எடுத்துக்கொண்டு போங்கோ, என்னையும் சேர்த்துத்தான் என்றேன். ஆகவே உன் அம்மா ஒரு மூலையில் இருந்து உன்னை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கிறாள் என்று யாரும் சொன்னால் நம்பாதே. முழங்காலைக் காட்ட டொக்டரிடம் டெர்மின், நாள் நேரம், எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக என்னோடு வேலை செய்கிற ஆள் இருக்கிறா. ஏக்கம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. சமைக்கும்போது இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிடுகிறேன். ஏக்கத்துக்காக ஒரு பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடுகிற ஆள் நான் இல்லை.

கடைசியாக ஒன்று. உன் அறையை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருக்கிறாள், தங்க இடமில்லாமல் அலைந்துகொண்டிருந்தாள். முதலாம் திகதி வருகிறாள். நேற்று உன்னோடு கதைத்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன், அதையும் ஒளிக்கவில்லை. இன்றைக்கு முழுக்க உன் சாமான்களைக் கட்டி நிலவறைக்குக் கொண்டுபோனேன். அலுமாரி வெறுமையானதும் கட்டிலில் இருந்து நல்லாக அழுதேன். பிறகு எழும்பி ஜன்னலைத் திறந்துவிட்டு, புதுத் தலையணை உறை போட்டேன். தேர்தல் முடியட்டும், தண்ணீர் வடியட்டும், பிறகு வா, பிந்தாவையும் கூட்டிக்கொண்டு வா. நீ சோபாவில் படுக்கலாம். வீட்டுத் திறப்பு உன்னிடம் இருக்கிறதுதானே, அது இருக்கட்டும். ஆனால் வாறதெண்டால் சும்மா திறந்துகொண்டு வராதே, முதல் போன் அடிச்சுப்போட்டு வா. வீட்டிலை குமர்ப்பிள்ளை இருக்கிறாள்.

அம்மா